ஹங்கர் கேம்ஸ், டைவர்ஜென்ட், மேஸ் ரன்னர், கிவர்: நாலும் ஒரே கதையா?

ஹங்கர் கேம்ஸ், டைவர்ஜென்ட், மேஸ் ரன்னர், த கிவர் ஆகிய நான்கு ஆங்கில நாவல்களையும் படித்துவிட்டு, "எல்லாம் ஒரே கதை மாதிரிதான் இருக்கு, ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதினதா? பி.ஏ. ப்ராஜெக்ட்டுக்கு ஒப்பிட்டு எழுதணும், எதை வைத்து ஒப்பிடுவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் முதல் பாதி வம்பு, இரண்டாம் பாதிதான் மார்க் வாங்கித் தரும். ஒற்றுமைகள் எல்லோர் கண்ணிலும் தானாகவே படுகின்றன. வேற்றுமைக்கு எங்கே தோண்டுவது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. பதிலில் நான்கு கதைகளின் முடிவுகளும் வெளிப்படும். எல்லா பாகங்களையும் படித்து முடிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

காப்பி விவகாரத்தைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். லோயிஸ் லோரியின் கிவர் 1993-இல் வந்தது. மறு வருடமே சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் வாங்கியது. பதினாறு வயதானால் எல்லோருக்கும் அழகு அறுவை சிகிச்சை செய்யும் சமூகத்தைப் பற்றிய ஸ்காட் வெஸ்டர்ஃபெல்டின் அக்லீஸ் 2005. சூசன் காலின்ஸின் ஹங்கர் கேம்ஸ் 2008, ஜேம்ஸ் டாஷ்னரின் மேஸ் ரன்னர் 2009, வெரோனிகா ராத்தின் டைவர்ஜென்ட் 2011. அதே 2011-இல் மரீ லூவின் லெஜெண்ட், லாரன் ஆலிவரின் டெலிரியம் என்று வரிசையாக வந்தன. இந்தத் தேதிகளிலிருந்து உறுதியாகச் சொல்ல முடிவது இரண்டு: இந்த டிஸ்டோபியா வகையை (கெட்டுப்போன எதிர்காலச் சமூகத்தைக் காட்டும் கதைகளை) ஹங்கர் கேம்ஸ் தொடங்கிவைக்கவில்லை, அது ஜெயித்த பிறகு சந்தையில் இந்த வகைக்குப் பெரிய இடம் கிடைத்தது. இன்னார் இன்னாரைப் பார்த்து எழுதினார் என்று கதைச்சாயலை மட்டும் வைத்து நிரூபிக்க முடியாது. ஜப்பானிய நாவலான பேட்டில் ராயலில் (1999) பள்ளி மாணவர்கள் 42 பேரை ஒருவரையொருவர் கொல்ல விடுகிறார்கள். ஹங்கர் கேம்ஸோடு சேர்த்து அடிக்கடி பேசப்படும் நாவல் அது. தன் கையெழுத்துப் பிரதியைக் கொடுக்கும்வரை அந்தப் புத்தகத்தைக் கேள்விப்பட்டதே இல்லை என்று காலின்ஸ் சொல்லியிருக்கிறார். தனக்குத் தூண்டுதலாக அவர் சொல்வது, ஏதென்ஸ் நகரம் ஏழு பையன்களையும் ஏழு பெண்களையும் புதிர்ப்பாதைக்குள் இருக்கும் மினோடார் என்ற அரக்கனுக்குப் பலி அனுப்பும் கிரேக்கப் புராணத்தையும், டி.வி.யில் சேனல் மாற்றும்போது ரியாலிட்டி ஷோவும் இராக் போர்ச் செய்தியும் மாறி மாறி வந்த ஓர் இரவையும். அதே புராணத்தின் புதிர்ப்பாதை டாஷ்னரிடம் அப்படியே கல்சுவராக நிற்கிறது. அதனால் அவர் காலின்ஸைக் காப்பி அடித்தார் என்று ஆகிவிடாது. இரண்டு பேரும் ஒரே பழைய கிணற்றில் தண்ணீர் இறைத்திருக்கலாம். ப்ராஜெக்டில் 'தாக்கம்' என்ற சொல்லைப் போடும் முன் எழுத்தாளரே சொன்ன சான்று கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 'ஒற்றுமை' என்று எழுதிவிட்டுப் போங்கள்.

அந்த ஒற்றுமைகளின் பட்டியலும் சின்னதுதான். எப்போதோ ஒரு பேரழிவு, அதன் பெயரைச் சொல்லி வந்த ஓர் ஆட்சி, வேலியோ சுவரோ போட்ட ஊர், பன்னிரண்டிலிருந்து பதினெட்டுக்குள் ஒரு முக்கியமான நாள், அந்த நாளில் பொருந்தாமல் போகும் ஒரு பிள்ளை, பாதி உண்மை தெரிந்த ஒரு பெரியவர், பிறகு ஒரு தப்பித்தல் அல்லது கலகம். இது இந்த வகைக் கதைகளின் சட்டகம், அவ்வளவுதான். இதற்கு ஒரு பத்தி போதும். பல மாணவர்கள் இதையே பத்துப் பக்கத்துக்கு இழுத்து, கடைசியில் 'ஆகவே இவை ஒத்திருக்கின்றன' என்று முடித்துவிடுகிறார்கள்.

வேற்றுமை இருக்கும் இடம் அந்த முக்கியமான நாள். பிள்ளையை யார், எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு நாவலில் குலுக்கல், ஒன்றில் நியமனம், ஒன்றில் சுயவிருப்பம், ஒன்றில் கேட்காமலே கடத்தல். இந்த ஏற்பாடு மாறினால் வில்லன் மாறுகிறான், கதை சொல்லும் குரல் மாறுகிறது, முடிவும் மாறுகிறது. ப்ராஜெக்ட்டின் மையக் கருத்தாக இதை வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் இதன் கீழ் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஹங்கர் கேம்ஸின் முதல் அத்தியாயத்தையே எடுங்கள். 12 மாவட்டங்கள், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பையன், ஒரு பெண் என்று 24 பேரை, ஒருவர் மிஞ்சும்வரை ஒருவரையொருவர் கொல்லும் விளையாட்டுக்கு அனுப்ப வேண்டும். பன்னிரண்டு வயதில் பெயர் ஒரு முறை குலுக்கலில் போகும், பதின்மூன்றில் இரண்டு முறை, இப்படிப் பதினெட்டு வயதில் ஏழு முறை. மேலோட்டமாக எல்லோருக்கும் ஒரே விதி. ஆனால் வீட்டில் சோறு இல்லாதவர்கள் கூடுதலாகத் தங்கள் பெயரைப் போட்டு, பெயருக்கு ஓர் ஆளின் ஒரு வருடத் தானியமும் எண்ணெயும் வாங்கிக்கொள்ளலாம். அதுவும் வருடா வருடம் சேர்ந்துகொண்டே போகும். கதாநாயகி காட்னிஸ் தனக்கும் அம்மாவுக்கும் தங்கை பிரிம்முக்குமாக வருடம் மூன்று வாங்குகிறாள். ஐந்து வருடத்தில் 15, வயதுக்கான 5 சேர்த்துப் பதினாறு வயதில் அவள் பெயர் 20 சீட்டில் இருக்கிறது. பெரிய குடும்பத்தைச் சேர்ந்த அவள் நண்பன் கேலுக்குப் பதினெட்டு வயதில் 42. மேயர் மகள் மேட்ஜ் சீட்டுக்குத் தானியம் வாங்க வேண்டிய நிலையில் இல்லை. அவளுக்கு ஐந்து இருந்தால் அதிகம் என்று கேல் எரிச்சல்படுகிறான். ஆக, அதிர்ஷ்டம் என்று மேடையில் சொல்லப்படுவது உண்மையில் பசியின் கணக்கு. அந்தக் கணக்கின்படி ஒரே ஒரு சீட்டு வைத்திருக்கும் பிரிம் பெயர்தான் வருகிறது என்பது காலின்ஸின் சாமர்த்தியம். கணக்கு புரிந்தவர்களுக்குத்தான் அந்த அதிர்ச்சி முழுதாக இறங்கும். பானெம் என்ற நாடு முழுக்க இந்த ஒரு விதியில் அடங்கியிருக்கிறது: வயிற்றைக் காட்டி ஆளும் ஆட்சி, அதை டி.வி.யில் காட்டி மாவட்டங்களைப் பிரித்துவைக்கும் ஆட்சி.

கிவரில் குலுக்கலும் இல்லை, கொடுமையும் கண்ணில் படாது. பன்னிரண்டு வயதாகும் பிள்ளைகளை மூத்தோர் குழு வருடக்கணக்கில் கவனித்து வேலை ஒதுக்குகிறது. தலைமை மூதாட்டி ஒவ்வொரு பிள்ளைக்கும் 'உன் குழந்தைப் பருவத்துக்கு நன்றி' என்று சொல்லி அனுப்புகிறார். கதாநாயகன் ஜோனாஸின் வரிசை எண் 19. பதினெட்டுக்குப் பிறகு அவர் இருபதைக் கூப்பிட்டதும் அரங்கமே நெளிகிறது. ஒரு சின்ன எண் விடுபட்டதற்கே ஊர் கலங்குகிறது என்றால் அந்த ஊர் எவ்வளவு ஒழுங்காக இருந்திருக்க வேண்டும்! ஊரின் பழைய நினைவுகளையெல்லாம் தனியாகச் சுமக்கும் வேலை அவனுக்கு என்று கடைசியில் அறிவிக்கிறார்கள். பிறகு அவன் கையில் கிடைப்பது எட்டு விதிகள் எழுதிய ஒற்றைத் தாள். எட்டாவது விதி, நீ பொய் சொல்லலாம். இதைப் படித்ததும் ஜோனாஸுக்கு ஒரு சந்தேகம் வருகிறது: பெரியவர்கள் எல்லோருடைய தாளிலும் இதே வரி இருந்திருந்தால்? கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை, வரும் பதிலே பொய்யாக இருக்கலாம். சண்டை, துப்பாக்கி எதுவும் இல்லாமல் ஓர் ஆட்சியின் அடித்தளத்தை இப்படி ஆட்டிக் காட்டிய இடம் மற்ற மூன்று நாவல்களில் இல்லை என்பது என் கணிப்பு. இங்கே மக்கள் பட்டினி கிடப்பதில்லை. வலி, நிறம், நினைவு, விருப்பம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு நிம்மதியை வாங்கியிருக்கிறார்கள். அதனால்தான் இந்த நாவலில் வில்லன் என்று விரல் நீட்ட ஆள் கிடைப்பதில்லை. இரட்டைக் குழந்தைகளில் எடை குறைந்ததை ஊசி போட்டுக் கொல்வது ஜோனாஸின் அன்பான அப்பாதான். அதையும் கொஞ்சல் குரல் மாறாமல் செய்கிறார்.

டைவர்ஜென்டில் தேர்வு பிள்ளையின் கையிலேயே இருக்கிறது, குறைந்தபட்சம் அப்படித் தோன்றுகிறது. சிதைந்த சிகாகோவில் ஐந்து பிரிவுகள்: தன்னலமறுப்பு, அறிவு, நேர்மை, அமைதி, துணிவு. பதினாறு வயதில் முதலில் ஒரு திறன் சோதனை, மறுநாள் சடங்கு. கத்தியால் உள்ளங்கையைக் கீறி, சாம்பல் நிறக் கல், தண்ணீர், கண்ணாடி, மண், கனல் என்று ஐந்து கிண்ணங்களில் ஒன்றில் ரத்தத்தைச் சொட்டவிட வேண்டும். தன்னலமறுப்புப் பிரிவில் வளர்ந்த கதாநாயகி பியாட்ரிஸ், துணிவுக்கான கனலில் விடுகிறாள், பெற்றோரை விட்டுப் போகிறாள். கொஞ்சம் கூர்ந்து படித்தால் இந்தச் சுதந்திரத்தின் ஓட்டை தெரியும். வாழ்நாளில் ஒரே முறைதான் தேர்வு. தேர்ந்த பிரிவு உங்களை ஏற்காவிட்டால் திரும்பிப் போக வீடு கிடையாது. துணிவுப் பிரிவில் பயிற்சிக்கு வருவது 20 பேர், நிலைப்பது 10 பேர். மற்றவர்கள் பிரிவற்றவர்களாகத் தெருவுக்குப் போய், யாரும் செய்ய விரும்பாத வேலைகளைச் செய்கிறார்கள். ஆகவே இந்த நாவலின் பயம் மரணத்தைவிட, எங்கும் சேராமல் போவதைப் பற்றியது. நாவலின் பலமான பகுதி அந்தப் பயிற்சிக் கூடம். தரவரிசைப் பட்டியல் ஒட்டிய பிறகு நண்பர்கள் ஒருவரையொருவர் பார்க்கும் பார்வை எப்படி மாறுகிறது என்பதை ராத் நன்றாக எழுதியிருக்கிறார். பலவீனம் உலகக் கட்டுமானம். மனிதரை ஒரே குணத்தில் அடைப்பது நம்பும்படி இல்லை என்ற குறை முதல் பாகத்திலிருந்தே உண்டு. மூன்றாம் பாகத்தில், ஊரே ஒரு மரபணுச் சோதனைக்கூடம் என்று விளக்கம் வருகிறது. அந்த விளக்கம் குறையைத் தீர்க்கிறதா, பெரிதாக்குகிறதா என்பதில் வாசகர்கள் இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். பெரிதாக்குகிறது என்பது என் கட்சி. இது தீர்ப்பு சொல்லும் விஷயமல்ல, வாதாடும் விஷயம். அதனால் ப்ராஜெக்ட்டுக்கு நல்ல தீனி.

மேஸ் ரன்னரில் தேர்வு நடந்ததே பிள்ளைக்குத் தெரியாது. தாமஸ் இருட்டான ஒரு லிஃப்ட் பெட்டியில் கண்விழிக்கிறான். பெயரைத் தவிர எதுவும் நினைவில்லை. மாதம் ஒருவராக வந்துசேர்ந்த பையன்கள் தாங்களே வேலைப் பிரிவும் தலைவர்களும் சட்டமும் வசைச்சொற்களும் உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். வெளியே இரவில் நகரும் சுவர்கள். உண்மையைச் சொன்னால், டிஸ்டோபியா என்ற அளவில் முதல் பாகம் மெலிந்தது. ஆட்சி எது, மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று ஒன்றும் தெரியாது. தெரியாமை ஒன்றே அதன் எஞ்சின். அத்தியாயங்கள் சின்னச் சின்னதாக, ஒவ்வொன்றும் ஒரு கொக்கியில் முடிவது இதனால்தான். ஆனால் இதில் மட்டும் இருக்கும் ஒரு கேள்வி உண்டு: அந்தப் புதிர்ப்பாதையை வடிவமைத்ததில் தாமஸுக்கே பங்கு இருந்தது. நினைவில்லாத குற்றத்துக்கு ஒருவன் பொறுப்பா? விக்கெட் அமைப்பு ஒரு கொள்ளைநோய்க்கு மருந்து தேடித்தான் இதையெல்லாம் செய்கிறது, அதாவது நல்ல நோக்கத்தைச் சொல்லிக் கொல்கிறது. கிவரின் மூத்தோர் குழுவோடு இதைப் பக்கத்தில் வைத்தால் நல்ல ஒப்பீடு கிடைக்கும். ஹங்கர் கேம்ஸோடு வைத்தால் ஓட்டமும் கொலையும் மட்டும்தான் மிஞ்சும்.

இனிக் குரல். காட்னிஸும் ட்ரிஸ் என்று பெயர் மாற்றிக்கொண்ட பியாட்ரிஸும் 'நான்' என்று நிகழ்காலத்தில் பேசுகிறார்கள்; ஜோனாஸ், தாமஸ் கதைகள் படர்க்கையில், இறந்தகாலத்தில். இதை நடைப் பழக்கம் என்று கடந்துபோகாதீர்கள். 'நான் ஓடினேன், சுட்டேன்' என்றால் சொல்பவர் பிழைத்துவிட்டார் என்று வாசகர் மனசுக்குள் கணக்குப் போட்டுவிடுவார். நிகழ்காலம் அந்த உத்தரவாதத்தைப் பிடுங்கிவிடுகிறது. டைவர்ஜென்ட்டின் மூன்றாம் பாகத்தில் திடீரென்று அவள் காதலன் டோபையஸும் மாற்று அத்தியாயங்களில் கதை சொல்ல வருகிறான். ட்ரிஸ் சாகப்போகிறாள், அதற்குப் பின் கதை சொல்ல ஆள் வேண்டும் என்பது அப்போதே கூர்மையான வாசகருக்கு உறைத்துவிடும். கிவரில் படர்க்கை வேறு வேலை செய்கிறது. ஊரின் மொழியில், ஊரின் அமைதியான தொனியில் கதை போவதால், அந்த ஊரில் நிறமே இல்லை என்பது பல அத்தியாயங்களுக்கு நமக்குத் தெரிவதில்லை. ஆப்பிள் ஒரு கணம் 'மாறியது' என்று மட்டும் வரும். ஜோனாஸிடம் அதற்குச் சொல் இல்லை, ஆகவே ஆசிரியரும் தரவில்லை.

முடிவுகளை எழுதும்போது 'கலகம் வென்றது' என்று நாலையும் ஒரே மூட்டையில் கட்டிவிடாதீர்கள். ஹங்கர் கேம்ஸின் மூன்றாம் பாகமான மாக்கிங்ஜேயில் கலகத்தின் தலைவி காயின், தோற்றுப்போன தலைநகர் கேபிடலின் பிள்ளைகளை வைத்துக் கடைசியாக ஒரு முறை அதே விளையாட்டை நடத்தலாம் என்கிறாள். காட்னிஸ் தன் அம்பைப் பழைய அதிபர் ஸ்னோவை விட்டுவிட்டுக் காயின்மேல் விடுகிறாள். குலுக்கலில் தொடங்கிய கதை, குலுக்கல் கருவி கைமாறுவதைத் தடுப்பதில் முடிகிறது. ட்ரிஸின் முடிவு தியாகம். எந்தப் பிரிவை விட்டு வந்தாளோ அந்தத் தன்னலமறுப்பு அவளிடம் திரும்பி வருகிறது. தாமஸ் உலகத்தைக் காப்பாற்றுவதில்லை. நோய் தாக்காத ஒரு கூட்டத்தோடு பத்திரமான இடத்துக்குப் போய்ச் சேர்கிறான், மருந்து கிடைப்பதில்லை. ஜோனாஸ் கலகமே செய்வதில்லை, ஊரை விட்டுப் போகிறான். அவன் சுமந்த நினைவுகள் ஊர் மேல் இறங்குகின்றன. அவன் பனியில் செத்தானா, பிழைத்தானா என்பதை முதல் நாவலை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது. அடுத்து வந்த நாவல்கள் அவன் உயிரோடு இருப்பதைக் காட்டுகின்றன. எதை வைத்துப் பேசுகிறீர்கள் என்று ப்ராஜெக்டில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வைவாவில் மாட்டுவீர்கள்.

அடிக்கடி வரும் பிழைகள் இரண்டு. ஒன்று, 'எல்லாவற்றிலும் முக்கோணக் காதல்' என்பது. முழுமையான முக்கோணம் ஹங்கர் கேம்ஸில் மட்டும்தான். டைவர்ஜென்டில் ட்ரிஸுக்கு டோபையஸ் ஒருவன்தான், கிவரில் காதல் ஒரு கனவோடும் ஆசையை அடக்கும் மாத்திரையோடும் நின்றுவிடுகிறது. ஹங்கர் கேம்ஸிலும் அதைக் காதலாக மட்டும் படித்தால் பாதி போய்விடும். விளையாட்டின் நடுவே ஒரு குகையில், தன் மாவட்டத்துப் பையன் பீட்டாவைக் காட்னிஸ் முதல்முதலாக முத்தமிட்டதும் பாராசூட்டில் ஒரு பானை சூப் வந்து இறங்குகிறது. ஒரு முத்தம், ஒரு பானை சூப் என்று, வெளியிலிருந்து உதவி அனுப்பும் அவர்களின் வழிகாட்டி ஹேமிச் விலை சொல்லிவிட்டது அவளுக்கு உடனே புரிகிறது. அங்கே காதலும் தானியச் சீட்டு மாதிரி உணவுக்கு மாற்றும் பண்டம். இன்னொரு பிழை, படத்தைப் பார்த்துவிட்டு நாவலைப் பற்றி எழுதுவது. 2012-இல் வந்த படம் ஸ்னோவின் தோட்டத்தையும் விளையாட்டுக் கட்டுப்பாட்டு அறையையும் காட்டுகிறது. நாவலில் காட்னிஸ் அறியாத எதுவும் நமக்கும் தெரியாது. நாவலில் காட்னிஸ் சட்டையில் குத்திக்கொள்ளும் மாக்கிங்ஜே பறவைச் சின்னத்தைக் கொடுப்பது மேட்ஜ். படத்தில் மேட்ஜே கிடையாது. 2014-இன் கிவர் படத்தில் ஜோனாஸின் வயதைக் கூட்டிவிட்டார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஊரின் முழு வலியையும் ஏற்றும் கொடுமை அதில் நீர்த்துப்போய்விட்டது.

எழுதும் முறைக்கு வருவோம். நான்கையும் சமமாக எடுத்தால் ஒவ்வொன்றும் கதைச்சுருக்கமாகிவிடும். இரண்டை மையமாக வையுங்கள், மற்ற இரண்டைத் தேவைப்படும் இடத்தில் மட்டும் கூப்பிடுங்கள். ஹங்கர் கேம்ஸும் கிவரும் நல்ல ஜோடி, ஏனென்றால் ஒன்று பசியால் ஆள்கிறது, மற்றொன்று நிம்மதியால். ஹங்கர் கேம்ஸின் 1, 2 அத்தியாயங்களையும், கிவரின் 7, 8 அத்தியாயங்களையும், டைவர்ஜென்டின் 5-ஆம் அத்தியாயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மறுபடி படியுங்கள். ஒவ்வொன்றிலும் நாலே கேள்வி: மேடையில் பேசுவது யார், கூட்டம் எப்போது மௌனமாகிறது, பெற்றோர் என்ன செய்கிறார்கள், மறுத்தால் என்ன ஆகும். தங்கைக்குப் பதிலாகத் தானே முன்வரும் காட்னிஸுக்கு 12-ஆம் மாவட்டத்துக் கூட்டம் கைதட்ட மறுத்து மூன்று விரலை உதட்டில் வைத்து உயர்த்துகிறது. ஜோனாஸின் ஊர் அவன் பெயரைச் சேர்ந்து உச்சரிக்கிறது. இரண்டும் ஒரு கூட்டம் ஒரு பிள்ளைக்குச் செய்யும் மரியாதை, ஆனால் ஒன்று ஆட்சியை எதிர்த்து, மற்றொன்று ஆட்சியின் முடிவை ஏற்று. இந்த ஓர் இடத்தை மட்டும் வைத்தே நாலு பக்கம் எழுதலாம்.

உங்கள் துறையில் புத்தகத்தை மாற்ற அனுமதித்தால், மேஸ் ரன்னரை எடுத்துவிட்டு லெஜெண்டைச் சேர்ப்பதைப் பரிசீலியுங்கள். அதில் தேர்ந்தெடுக்கும் கருவி ஒரு பொதுத்தேர்வு: பத்து வயதில், 1500 மதிப்பெண்ணுக்கு. ஜூன் 1500 வாங்கிய பணக்கார வீட்டுப் பெண்; டே தோற்றுப்போனதாக அறிவிக்கப்பட்ட சேரிப் பையன். அவனும் உண்மையில் 1500 வாங்கியவன்தான் என்பது பிறகு வெளியே வருகிறது. குலுக்கல், நியமனம், சுயவிருப்பம், தேர்வு என்று நான்கு வழிகளும் உங்கள் ஒப்பீட்டில் வந்துவிடும். கடத்தலை ஓர் அடிக்குறிப்பில் சொன்னால் போதும்.